வட்டையில் இறங்கும் தாராவும் வாவியில் ஒதுங்கும் தாராவும்: மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகளுக்கான வழிகாட்டி

பெரும்போக விதைப்பு முடிந்த கையோடு படுவான்கரை வட்டைகளிலும் (வயல்வெளிகளிலும்) அம்பாறையின் குளத்தடி வயல்களிலும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறைப்பாடு எழுகிறது. இரவில் கூட்டமாக இறங்கும் காட்டுத் தாராக்கள் முளைநெல்லைத் தின்று, சேற்றை உழக்கிவிட்டு, விடியுமுன் எழும்பிப் போய்விடுகின்றன என்பதே அது. அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. விதைநெல், உழவுக்கூலி, எண்ணெய், பசளை என்று கடன்பட்டு விதைத்த வயலின் ஒரு மூலை காலையில் வெறுஞ்சேறாகக் கிடப்பதைப் பார்க்கும் ஒருவரிடம் பறவைகளின் அழகைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால், அந்த நியாயத்தைக் காரணம் காட்டி, பகலில் வாவிக்கரையிலும் வில்லுகளிலும் ஒதுங்கி நிற்கும் தாராக்களுக்கு வெடி வைப்பதும், கண்ணி வைத்துப் பிடித்து இறைச்சியாக விற்பதும் முற்றிலும் வேறான செயல்கள். வயலைக் காப்பது எப்படி, நீர்நிலையை விட்டுவைப்பது ஏன், இரண்டுக்கும் இடையில் கோட்டை எங்கே போடுவது என்பவற்றையே இங்கு விளக்க முனைகிறேன்.

வயலிலும் சதுப்பிலும் சுடுதல்: பிற நாடுகளின் அனுபவம்

தாராவைவிடப் பெரிய காட்டு வாத்துகளை (ஆங்கிலத்தில் கூஸ்) வயலில் சுடுவதா, சதுப்பில் சுடுவதா என்ற விவாதம் பிரித்தானியாவில் நெடுங்காலமாக நடக்கிறது. ஐஸ்லாந்திலிருந்தும் கிறீன்லாந்திலிருந்தும் குளிர்காலத்துக்கு அங்கே வந்து சேரும் இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் பகலில் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்துவிட்டு, இரவில் கடலோரச் சேற்றுத் திடல்களிலும் ஏரிகளிலும் தங்குகின்றன. நமது சீழ்க்கைத் தாராக்களின் நாளொழுங்கு இதற்கு நேர்மாறானது. அவை பகலில் நீரில் ஒதுங்கி, பொழுதுபட்ட பின்னரே மேய்ச்சலுக்குக் கிளம்புகின்றன. நேரம் மாறினாலும் பறவையின் தேவை ஒன்றுதான். உண்ண ஓரிடமும், அச்சமின்றித் தங்க வேறோர் இடமும் அதற்கு வேண்டும்.

கடலோரச் சதுப்பில் சுடுபவர் விடியுமுன் சேற்றுக் கால்வாயில் பதுங்கி, வற்றுப்பெருக்கைக் கவனித்து, உயரத்தில் பறந்து செல்லும் பறவைக்காகக் காத்திருக்க வேண்டும். பல நாட்களில் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். வயலில் சுடுபவருக்கு நிலைமை அப்படியல்ல. பறவைகள் அதே அறுவடைத் தாளுக்கு நாள்தோறும் திரும்பி வருவதால், பொய்வாத்துகளை நிறுத்தி வைத்துவிட்டு ஒரே காலையில் ஏராளமானவற்றை வீழ்த்திவிட முடியும். ஆகவே சதுப்பில் சுடுவோர் தமது முறையே நேர்மையானது என்பர். வயலில் சுடுவோர் பயிர்ச்சேதத்தைக் காரணமாகச் சொல்வர். பெரிய பிரித்தானியாவின் சட்டமும் இரண்டையும் வேறுபடுத்துகிறது. நிலத்தில் பருவம் ஜனவரி 31 இல் முடிய, கடலோரத்தில் பெருக்கு நீர்மட்டத்துக்குக் கீழே அது பெப்ரவரி 20 வரை நீள்கிறது. சுட்ட காட்டு வாத்தின் இறைச்சியை விற்பதற்கு அங்கே பொதுவாகத் தடை இருக்கிறது. என் கணிப்பில் எல்லா விதிகளிலும் ஆழமான பயன் தருவது இந்தத் தடையே. விற்க முடியாத ஒன்றை வீட்டுத் தேவைக்கு மேல் சுட யாருக்கும் தூண்டுதல் இருக்காது.

இந்த அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, தங்குமிடத்தில் வெடி வைப்பதன் விளைவு மேய்ச்சல் நிலத்தில் வெடி வைப்பதை விடப் பரந்தது. ஒரு வயலில் கலைக்கப்பட்ட கூட்டம் அடுத்த வயலுக்குப் போகும். தங்குமிடத்தில் கலைக்கப்பட்ட கூட்டமோ அந்தப் பகுதியையே கைவிட நேரும். அல்லது ஓய்வின்றிப் பறந்து செலவான சக்தியை ஈடுசெய்ய முன்பைவிட அதிகமாக மேய வேண்டியிருக்கும். வாவியில் தாராக்களைக் கலைப்பவர் தம்மையறியாமலே பக்கத்து வட்டையின் சேதத்தைக் கூட்டுகிறார் என்பது இதன் பொருள். இரண்டாவது, சுடப்படும் பறவைகள் எல்லாம் விழுவதில்லை. 1990களில் டென்மார்க்கில் உயிருடன் பிடித்து ஊடுகதிர்ப் படம் எடுக்கப்பட்ட இளஞ்சிவப்புக்கால் வாத்துகளில், வளர்ந்தவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலில் துவக்குச் சன்னங்கள் இருந்தன. அந்தச் செய்தி வேட்டைக்காரர்களையே உலுக்கியது. தூரத்திலிருந்து சுடுவதைக் கைவிடச் சொல்லும் இயக்கம் அதன் பின்னரே அங்கே தொடங்கியது. பயிற்றப்பட்ட நாயும் நல்ல துவக்கும் உள்ள இடத்திலேயே நிலைமை அதுவென்றால், இருட்டில் இடியன் துவக்கால் கூட்டத்தை நோக்கிச் சுடும்போது காயத்தோடு பறந்து சென்று பற்றைக்குள் சாகும் பறவைகள் எத்தனை இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமது வயலே ஒரு சதுப்பு

பிற நாட்டு விதியை அப்படியே இங்கே இறக்க முடியாது. பிரித்தானியாவின் கோதுமை வயல் உலர்நிலம். அதன் கடலோரச் சேறு ஈரநிலம். இரண்டுக்கும் இடையிலான எல்லை தெளிவானது. மட்டக்களப்பு வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை நிலத்துக்குள் கிடக்கிறது. அதன் மேற்குக் கரையில் வாவி முடியும் இடமும் வயல் தொடங்கும் இடமும் மாரிகாலத்தில் ஒன்றாகிவிடும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களின் நீர் வாய்க்கால்களின் வழியே வட்டைகளில் பரவி, மிஞ்சியது வாவியில் சேர்கிறது. அம்பாறையில் கொண்டவட்டவான் குளத்தடியிலும், திருக்கோவில், பொத்துவில் பக்கத்துக் களப்பு ஓரங்களிலும் இதே நிலைமைதான். நெல்வயலும் ஓர் ஈரநிலமே என்பதை, ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் நாடுகளும் 2008 இல் தென்கொரியாவின் சாங்வோன் நகரில் நிறைவேற்றிய தீர்மானத்தில் ஏற்றுக்கொண்டன. இலங்கை அந்த உடன்படிக்கையில் 1990 முதல் உறுப்பு நாடாக உள்ளது. அம்பாறை மாவட்டத்தின் குமண 2010 இல் ராம்சார் தலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

ஆகவே இங்கே கோட்டை உலர்நிலம், ஈரநிலம் என்று போடாமல், உண்ணும் இடம், ஒதுங்கும் இடம் என்று போட வேண்டும். உண்ணும் இடத்தில், பயிர் உண்மையில் ஆபத்தில் இருக்கும் நாட்களில் மட்டும், கொல்லாமல் கலைக்கலாம். ஒதுங்கும் இடத்தில் எக்காலத்திலும் கை வைக்கக் கூடாது.

சட்டமும் இதையொட்டியே நிற்கிறது. பிரித்தானியாவைப் போன்ற வேட்டைப் பருவம் தாராக்களுக்கு இங்கே கிடையாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தமும் தாராக்களை வயலென்றும் வாவியென்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. சுடுவது, கண்ணி வைப்பது, முட்டை எடுப்பது, இறைச்சியை விற்பது ஆகியவை எங்கே நடந்தாலும் குற்றமே. பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெற்ற துவக்கு அனுமதிப்பத்திரம் துவக்கை வைத்திருப்பதற்கான அனுமதியே தவிர, பாதுகாக்கப்பட்ட பறவையைச் சுடுவதற்கான அனுமதி அன்று. இதை அறியாமல் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் நேர்மையான விவசாயிகள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஈயச் சன்னத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாரா இரையைப் பற்களால் அரைப்பதில்லை; விழுங்கிய சிறு கற்களைக் கொண்டு இரைப்பையில் அரைக்கிறது. சேற்றில் கிடக்கும் சன்னத்தையும் கல்லென்று விழுங்கிவிடுகிறது. இரைப்பையின் அமிலமும் உராய்வும் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்க, ஒரு சில சன்னங்களே ஒரு பறவையை மெலிய வைத்துக் கொல்லப் போதுமானவை. இதனாலேயே ஐக்கிய அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை நாடு முழுவதும் தடை செய்தது. இங்கிலாந்து 1999 இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலத் தடை 2023 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நமது வயலும் சதுப்பாக இருப்பதால், வட்டையில் வெடித்த சன்னமும் வாவியில் வெடித்த சன்னமும் ஒரே தீங்கையே செய்கின்றன. அந்த ஈயம் இறைச்சியோடு சேர்ந்து வீட்டுச் சட்டிக்கும் வருகிறது. வளரும் குழந்தைகளுக்கு அது மிகவும் கேடானது.

சேதம் செய்தது யார்

எதையும் செய்வதற்கு முன் சேதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன் வரம்பில் குந்தியிருந்து பார்த்தால் தடயங்கள் தெளிவாகத் தெரியும். தாரா மேய்ந்த இடத்தில் சேறு மெழுகியது போல வழுவழுப்பாக இருக்கும். சவ்வுக்கால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். வேரோடு பிடுங்கப்பட்ட நாற்றுகளும் சிறு இறகுகளும் தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஓரத்தில் மிதக்கும். நீலத் தாழைக்கோழியின் வேலை வேறு விதமானது. அது நெற்றண்டை விரல்களால் பிடித்துக்கொண்டு வெண்மையான அடிக்குருத்தை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மேற்பகுதியை எறிந்துவிடும். நீண்ட விரல்களின் தடம் தனியாகத் தெரியும். தண்டு கத்தியால் வெட்டியது போலச் சாய்வாக அறுபட்டிருந்தால் அது எலி. பால் பிடித்த கதிரில் உமி மட்டும் தொங்கினால் தினைக்குருவி. எலி தின்ற வயலுக்காகத் தாராவைப் பழிப்பது நடைமுறையில் நிறையவே நடக்கிறது.

ஆபத்தான நாட்கள் சிலவே

தாராவினால் உண்மையான சேதம் நேர்வது சேற்றில் முளைநெல் வீசிய நாளிலிருந்து நாற்று வேர்பிடித்து நிமிரும் வரையிலான ஏறத்தாழ இரண்டு கிழமைகளில்தான். புழுதியில் விதைத்த மானாவாரி நிலத்தில் தண்ணீர் நிற்கும் வரை தாரா இறங்குவதில்லை. கதிர் முற்றிச் சாய்ந்து நீரில் கிடக்கும்போது ஓரளவு சேதம் ஏற்படலாம். இடைப்பட்ட மாதங்களில் வயலில் நிற்கும் தாரா பெரும்பாலும் களை விதையையும் நீர்ப்பூண்டுகளையும் நத்தை, புழு போன்றவற்றையும் தேடுகிறது. அந்த நாட்களில் அதைக் கலைப்பது வீண் உழைப்பு.

எனவே உழைப்பையெல்லாம் அந்த இரண்டு கிழமைகளில் குவிக்க வேண்டும். முதலாவதாக நிலத்தை மட்டம் செய்வது. தாரா முதலில் இறங்குவது தண்ணீர் தேங்கிய குழியில். அந்தக் குழியில் விழுந்த விதை தாரா வராவிட்டாலும் அழுகிவிடும். நன்றாக மட்டமடித்து, நடுவிலும் ஓரத்திலும் சிறு வடிகால் இழுத்து, முதல் நாட்களில் நீரை முழுமையாக வடித்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டாவதாக ஒரே நேரத்தில் விதைப்பது. நூறு ஏக்கர் ஒரு கிழமைக்குள் விதைக்கப்பட்டால் தாராக்கள் பரந்து மேயும். எவருடைய சேதமும் பெரிதாகத் தெரியாது. ஒருவர் மட்டும் முந்தியோ பிந்தியோ விதைத்தால் கூட்டம் முழுவதும் அவருடைய வயலிலேயே இறங்கும். ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளைப் பற்றிப் பேசும்போதே, வட்டை விதானையும் கமக்காரர் அமைப்பும் விதைப்பு முடியும் கடைசி நாளையும் தீர்மானித்து, அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கச் செய்ய வேண்டும். தாராவுக்கு எதிராக இதைவிட வலுவான ஆயுதம் எதையும் நான் அறியேன். மூன்றாவதாக, குளத்தை ஒட்டிய, ஆண்டுதோறும் அடிபடும் கண்டங்களில் வீச்சு விதைப்பைக் கைவிட்டு நாற்று நடுகைக்கோ, தட்டில் வளர்த்த நாற்றை எறிந்து நடும் பரசூட் முறைக்கோ மாறலாம். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் எல்லா நிலத்துக்கும் அது தேவையில்லை, அந்த ஓரக் கண்டங்களுக்கு மட்டுமே.

கலைக்கும் முறை

சீழ்க்கைத் தாராக்கள் கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குக் கேட்கும். பொழுதுபட்டுச் சிறிது நேரத்தில் மெல்லிய இரட்டைச் சீழ்க்கை வானத்தில் கேட்கத் தொடங்கும். கூட்டம் உடனே இறங்குவதில்லை. வட்டமிட்டுப் பார்த்த பிறகே கால்களை நீட்டும். வெளிச்சம் காட்டவும் தகரம் தட்டவும் சரியான தருணம் அந்த வட்டமிடும் நேரம்தான். இறங்கி மேயத் தொடங்கிய கூட்டம் எழும்பினாலும் சற்றுத் தள்ளி மீண்டும் இறங்கிவிடும். இறங்குமுன் தடுக்கப்பட்ட கூட்டம் வேறிடம் பார்க்கும். ஆகவே இரவு முழுவதும் விழித்திருப்பதைவிட, இருட்டிய பின்னான முதல் மணித்தியாலங்களில் கவனமாக இருப்பது மேல். படுவான்கரையில் யானை நடமாடும் பகுதிகளில் தனியே காவலுக்குப் போகக் கூடாது. இருவராகப் பரணில் இருந்தே வெளிச்சம் காட்ட வேண்டும்.

பழைய ஒலிநாடாவைக் கம்புகளுக்கிடையே இழுத்துக் கட்டுவது மலிவான, பயன் தரும் முறை. நாடாவை மட்டமாகக் கட்டாமல் இரண்டு மூன்று முறுக்கு முறுக்கிக் கட்டினால், சிறு காற்றுக்கும் அதிர்ந்து இரைச்சல் எழுப்பும். நிலவில் மினுங்கவும் செய்யும். வெருளியை ஓரிடத்தில் நிறுத்தி விட்டுவிட்டால் சில நாட்களில் பறவை அதன்மேலேயே குந்தும். எந்த முறையானாலும் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடத்தையும் விதத்தையும் மாற்ற வேண்டும். இரண்டு கிழமை முடிந்ததும் நாடாவை அவிழ்த்து எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அது பறவையின் காலைச் சுற்றும், மாட்டின் வயிற்றுக்கும் போகும்.

தாழைக்கோழிக்கு வெளிச்சமும் நாடாவும் அவ்வளவு உதவுவதில்லை. அது பற்றையிலிருந்து நடந்தே வருகிறது. வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள பன்னையும் புல்லையும் விதைப்புக்கு முன் வெட்டி, மறைவில்லாத ஓர் இடைவெளியை உண்டாக்கினால் அது வயலுக்குள் வரத் தயங்கும். குளத்துக்குள் இருக்கும் பன்னையும் தாமரையையும் வெட்டவோ எரிக்கவோ கூடாது. அது பறவையின் வீடு மட்டுமல்ல, மீன்குஞ்சின் ஒதுக்கிடமும் ஆகும்.

செய்யவே கூடாதவை சில உண்டு. நஞ்சு கலந்த நெல்லை வரம்பில் தூவுவது அவற்றுள் மிகக் கொடியது. செத்த தாராவை நாயும் நரியும் பருந்தும் தின்று சாகும். மழை பெய்தால் நஞ்சு வாய்க்கால் வழியே வாவிக்குப் போகும். அந்த வாவியில்தான் நமது மீனும் இறாலும் பிடிபடுகின்றன. பழைய மீன்வலையை வயலுக்கு மேல் விரிப்பதும் அப்படியே, அதில் மாட்டிய பறவை விடியும் வரை துடித்துச் சாகும். கட்டுத்துவக்கும் களவாக இழுத்த மின்கம்பியும் மனிதரையே கொன்றிருக்கின்றன.

நீர்நிலையை விட்டுவைத்தல்

வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களில் நின்று பார்த்தாலே, மாரியில் தாராக்கள் பகலில் எங்கெங்கே ஒதுங்குகின்றன என்பது தெரியும். ஒவ்வொரு வட்டையைச் சேர்ந்தவர்களும் தமக்கு அண்மையிலுள்ள ஒதுங்குமிடத்தை அறிந்து வைத்திருப்பது நல்லது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மத்திய ஆசியாவுக்கும் அதற்கு வடக்கேயும் இருந்து பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்து, ஏறத்தாழ ஒக்டோபர் முதல் மார்ச் வரை இந்த நீர்நிலைகளில் தங்குகின்றன. சீழ்க்கைத் தாராவும் குள்ளத்தாராவும் இங்கேயே பிறந்து வளர்பவை, மரப்பொந்துகளில் முட்டையிடுபவை. வரத்துப் பறவையைச் சுட்டால் வேறொரு நாட்டின் ஏரியில் ஒரு சோடி குறைகிறது. உள்ளூர்ப் பறவையைச் சுட்டால் நமது குளத்திலேயே குறைகிறது. ஒதுங்குமிடத்துக்குள் இயந்திரத் தோணியை ஓட்டாமலும், கரையில் பட்டாசு கொளுத்தாமலும், நாய்களை ஏவாமலும் இருந்தால் போதும். தோணிக்காரரிடமும் மீனவர் சங்கத்திடமும் பேசி, அந்த மூலையை மாரி முடியும் வரை விலகிச் செல்லக் கேட்கலாம். மீனவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

அறுவடைக்குப் பின் வயலையும் கொஞ்ச நாள் விட்டுவைக்க வேண்டும். பெரும்போக அறுவடை முடியும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வரத்துத் தாராக்கள் திரும்பிப் பறப்பதற்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. உதிர்ந்த நெல்லையும், அடுத்த போகத்தில் நமக்குத் தலைவலியாக முளைக்கும் பன்றி நெல்லின் விதையையும் அப்போது அவை பொறுக்கித் தின்பது நமக்கும் இலாபமே. கலிபோர்னியாவில் 1991 இல் வைக்கோல் எரிப்பைக் குறைக்கும் சட்டம் வந்த பின், விவசாயிகள் அறுவடை வயலில் நீரை நிறுத்தி வைக்கோலை மக்கச் செய்தார்கள். அந்த வயல்கள் இன்று இலட்சக்கணக்கான நீர்ப்பறவைகளின் குளிர்கால உணவிடமாக இருக்கின்றன. நமக்கு நீரை வீணாக்க வழியில்லை. ஆனால் மழைநீர் தானாக நிற்கும் தாழ்ந்த கண்டங்களில் தாளை எரிக்காமல் விட்டு, சிறுபோக உழவு தொடங்கும் வரை தாராக்களைக் கலைக்காமல் இருப்பதற்குச் செலவு எதுவுமில்லை.

வேட்டைக்கு வழிகாட்டச் சொல்லியோ, விருந்துக்குக் காட்டுத் தாரா வேண்டுமென்றோ வெளியிலிருந்து வருபவர்களுக்கு வட்டைக்காரர் ஒருவரும் உதவக் கூடாது. பயிரைக் காக்க விழித்திருப்பவரின் நியாயம் அவர்களுக்கு இல்லை. வாங்க ஆளில்லாத இறைச்சிக்குக் கண்ணி வைப்பவரும் இருக்க மாட்டார்.

காயம்பட்ட பறவையைக் கண்டால், துணி ஒன்றால் மூடி, காற்றுப் புகும் பெட்டியில் இருட்டாக வைத்து, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். ஓரிடத்தில் பல பறவைகள் காயமின்றிச் செத்துக் கிடந்தால் நஞ்சாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், வீட்டுக் கோழிகளையும் நாய்களையும் அந்தப் பக்கம் விடாமல், பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.